எல்லைக்கு எட்டாத வட்டிக் குறைப்பு

2025-ஆம் வருஷத்தில் ரிசர்வ் பாங்கு நான்கு தடவை வட்டியைக் குறைத்தது. பிப்ரவரியில் 6.50 சதவிகிதத்திலிருந்து 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் ஒரேயடியாக அரை சதவிகிதம் குறைந்து 5.50; டிசம்பரில் 5.25. ஆக மொத்தம் ஒன்றேகால் சதவிகிதம். ஒவ்வொரு தடவையும் அது பெரிய செய்தியாக வந்தது. தொழிலதிபர்கள் வரவேற்றார்கள். வீட்டுக் கடன் வாங்கியிருந்தவர்கள் தவணை எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் வண்டிப்பெரியாற்றிலும் பூப்பாறையிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வாராவாரம் தவணை கட்டும் தமிழ்த் தொழிலாளியின் வீட்டில் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. நாட்டின் வட்டி விகிதத்துக்கும் தமது கடனுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வந்திராது. இது ஏன் என்பது விசாரிக்கத் தக்க விஷயம்.

ரிசர்வ் பாங்கு குறைக்கும் வட்டி பொதுமக்கள் கொடுக்கும் வட்டி அல்ல. மற்றப் பாங்குகள் ரிசர்வ் பாங்கிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டி அது. ரெப்போ என்று பெயர். மொத்த வியாபாரி விலையைக் குறைத்தால் சில்லறைக் கடையிலும் விலை இறங்க வேண்டும் என்பது நியாயம். இறங்காது என்பது அனுபவம். இதனால்தான் வீட்டுக் கடன் போன்ற மாறும் வட்டிக் கடன்களையும் சிறு தொழில் கடன்களையும் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைத்துவிட வேண்டும் என்று 2019 அக்டோபர் முதல் பாங்குகளுக்கு உத்தரவாயிற்று. அதன் பலன் கண்கூடு. இருபது லட்ச ரூபாய் கடனும் இருபது வருஷத் தவணையும் பாக்கி வைத்திருக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு வட்டி 9 சதவிகிதத்திலிருந்து 7.75 சதவிகிதமாக இறங்கினால், மாதத் தவணை 17,995 ரூபாயிலிருந்து 16,419 ரூபாயாகிறது. மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். பாலக்காட்டிலும் கோழிக்கோட்டிலும் கொச்சியிலும் உத்தியோகம் பார்க்கும் தமிழர்கள் பலர் இந்த லாபத்தை அடைந்திருப்பார்கள். அவர்களுடைய உறவினர்களே தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் லயங்களில் இருக்கிறார்கள். சித்தூர் வட்டத்தின் தென்னந்தோப்புகளிலும் கஞ்சிக்கோட்டுப் பட்டறைகளிலும் இருக்கிறார்கள். அங்கே நடப்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கில் வட்டியைச் சொல்லும் முறையே வேறு. 'இரண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வருஷத்துக்கு 24 சதவிகிதம். 'ஐந்து வட்டி' என்றால் 60. 'பத்து வட்டி' என்றால் 120. இரண்டு, ஐந்து, பத்து என்று காதில் விழும்போது சிறிய எண்களாகத்தான் தெரிகின்றன. பாங்கு மானேஜர் 'ஒன்பது சதவிகிதம்' என்கிறார். தண்டல்காரர் 'ஐந்து வட்டி' என்கிறார். படிக்காத பெண் ஒருத்தி ஒன்பதைவிட ஐந்து குறைவு என்று நினைத்தால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

பத்து வாரக் கடன் இன்னும் மோசம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு, கையில் ஒன்பதாயிரம் கொடுக்கிறார்கள். வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். வெளிப்பார்வைக்குப் பத்துக்கு ஒன்று, பத்து சதவிகிதம். இது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பது விரல்விட்டு எண்ணினால் தெரியும். கடன்காரர் கையில் ஒன்பதாயிரமும் பத்து வாரம் முழுவதும் இருப்பதில்லை. முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். சராசரியாகப் பார்த்தால் ஐந்தாயிரத்துக்கும் குறைவான தொகையைத்தான் அவர் பத்து வாரம் உபயோகித்திருக்கிறார். அதற்கு வட்டி ஆயிரம் ரூபாய். பத்து வாரத்துக்கே இருபது சதவிகிதம் ஆகிறது. வருஷத்தில் 52 வாரம். ஆக, வருஷ வட்டி நூறு சதவிகிதத்தைத் தாண்டிவிடுகிறது. ஐந்தேகால் சதவிகிதத்துக்கு ரிசர்வ் பாங்கில் கிடைக்கும் அதே பணம், ஏலமலை ஏறிப் போவதற்குள் இருபது மடங்கு விலையாகிவிடுகிறது.

பதிவு பெற்ற நிதிக் கம்பெனிகளின் குழுக் கடன் இந்த அளவுக்குக் கொடியதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டல்காரரிடமிருந்து எத்தனையோ குடும்பங்களை அது மீட்டிருக்கிறது. ஆனாலும் இருபது சதவிகிதத்துக்கு மேல் வட்டி என்பது அங்கே சர்வசாதாரணம். அதிலும் சொல்லும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இரண்டு வருஷம், 12 சதவிகித வட்டி என்று சொல்லி, வட்டி 12,000 என்று முதலிலேயே கணக்கிட்டு, மாதம் 2,583 ரூபாய் வீதம் 24 தவணை கட்டச் சொன்னால், உண்மையான வட்டி 12 அல்ல. ஏறக்குறைய 21½ சதவிகிதம். அசல் குறைந்துகொண்டே வந்தும், முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி வாங்குவதால் வரும் வித்தியாசம் இது. இதற்கு மேல் பரிசீலனைக் கட்டணம், இன்ஷூரன்ஸ் என்று முதலிலேயே பிடித்துக்கொண்டால் விகிதம் இன்னும் ஏறும்.

2022 மார்ச் மாதத்தில் ரிசர்வ் பாங்கு இந்தச் சிறு கடன்களுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. ஏப்ரல் முதல் அவை அமலாயின. அதுவரை இந்தத் தொழிலை மட்டும் செய்யும் கம்பெனிகளுக்கு இருந்த வட்டி உச்சவரம்பு அதோடு நீங்கிவிட்டது. கம்பெனியின் டைரக்டர்கள் வகுக்கும் கொள்கைப்படி வட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது அநியாய வட்டியாக இருக்கக் கூடாது என்று ஏற்பாடு. எது அநியாயம் என்று எண்ணால் சொல்லவில்லை. போட்டி வந்தால் வட்டி தானே இறங்கும் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். 2024 அக்டோபரில் நான்கு கம்பெனிகள் புதிய கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்கே தடை போட வேண்டி வந்தது. அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட குழுக் கடன் கம்பெனி. அளவுக்கு மீறிய வட்டி முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. சில மாதங்களில், முறைகளைத் திருத்திக்கொண்டார்கள் என்று தடைகள் நீக்கப்பட்டன. போட்டி வட்டியைக் குறைத்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்பதற்கு இது ஒரு சான்று.

உச்சவரம்பு போனாலும், அந்த விதிகளில் தொழிலாளிக்குச் சாதகமான அம்சங்கள் பல இருக்கின்றன. வருஷ வருமானம் மூன்று லட்ச ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கும் கடன்களுக்கு அவை பொருந்தும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதாவது இருபதாயிரம் வருமானமுள்ள வீட்டில், தவணைகள் மொத்தம் பத்தாயிரத்தைத் தாண்டும்படி எந்தக் கம்பெனியும் புதுக் கடன் கொடுக்கக் கூடாது. முன்னதாகவே அடைத்தால் அபராதம் கூடாது. தவணை தவறினால் தவறிய தொகைக்குத்தான் அபராதம். முழுக் கடனுக்கும் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் அட்டையில் உள்ள பதிவுகள் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. கடன் கொடுக்குமுன், எல்லாச் செலவும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம் ஆகிறது என்று ஒரே எண்ணாக எழுதி, அதையும் அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் இல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்கக் கூடாது.

புரியும் மொழி என்றால் சூரியநெல்லியிலும் வேலந்தாவளத்திலும் எந்த மொழி? கேரளத்துக் கிளையில் மலையாளத்தில் அச்சடித்த படிவம். கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது ஆங்கிலத்தில். கொழுந்து பறிக்கும் பெண் இரண்டிலும் கைநாட்டு வைக்கிறாள் அல்லது தமிழில் கையெழுத்துப் போடுகிறாள். தமிழில் கையெழுத்துப் போடுபவருக்குத் தமிழில் காகிதம் கொடுக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா? தமிழ்நாட்டில் அதே கம்பெனி தமிழ் அட்டை அச்சடித்து வைத்திருக்கிறது. போடிமெட்டுக்குக் கீழே இருக்கும் அட்டையை மேலே கொண்டுவருவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

கடன் வாங்குவதே தவறு, சிக்கனமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று உபதேசம் செய்பவர்களும் உண்டு. ஜூன் முதல் தேதி கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதே சமயம் தென்மேற்குப் பருவமழையும் தொடங்குகிறது. புத்தகம், குடை, பஸ் சார்ஜ் என்று செலவு வரும் மாதத்தில் மழையால் வேலை குறைகிறது. ஏலக்காட்டில் பறிப்பு இல்லாத கோடை மாதங்களில் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி வரும் பெண்களுக்கு வாரத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2000-க்குப் பின் தேயிலை விலை விழுந்து பீர்மேடு வட்டத்தில் தோட்டங்கள் மூடிக் கிடந்த வருஷங்களில், சம்பளமும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை என்று கிடந்த குடும்பங்கள் கடன் வாங்காமல் எதைக் கொண்டு உலை வைத்திருக்கும்? சிக்கனம் நல்லதுதான். மிச்சம் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

மேலும், கடன் வாங்குவதை யாரும் கம்பெனிகளுக்குத் தவறென்று சொல்வதில்லை. மூணாறு மக்களுக்குப் பரிச்சயமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2000 பிப்ரவரியில் டாடா டீ கம்பெனி இங்கிலாந்தின் டெட்லி கம்பெனியை 271 மில்லியன் பவுனுக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் 1,800 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியக் கம்பெனி ஒன்று வெளிநாட்டில் அதுவரை செய்த கொள்முதல்களில் அதுவே பெரியது. வாங்கப்பட்ட கம்பெனி வாங்கிய கம்பெனியைவிடப் பெரியது. சிறியது பெரியதை வாங்க முடிந்தது கடனால்தான். பிரிட்டனில் இதற்கென்றே தனிக் கம்பெனி ஒன்றை ஏற்படுத்தி, சுமார் 70 மில்லியன் பவுனை மூலதனமாகப் போட்டு, சுமார் 235 மில்லியன் பவுனைக் கடனாகத் திரட்டினார்கள். கடன் அந்தத் தனிக் கம்பெனியின் பெயரில். வியாபாரம் மூழ்கினாலும் கடன் கொடுத்தவர்கள் இந்தியாவிலுள்ள தாய்க் கம்பெனியைத் தொட முடியாது. இதில் தவறு எதுவும் இல்லை. உலகமெங்கும் நடக்கும் முறை. சாமர்த்தியமான முறை என்றுகூடச் சொல்லலாம். 2005-இல் அதே கம்பெனி மூணாறுத் தோட்டங்களில் பெரும்பகுதியை, தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. தேயிலை பயிரிடுவதில் உள்ள அபாயம் குறைந்து, தேயிலையைப் பொட்டலம் போட்டு விற்பதில் உள்ள லாபம் அதன் பிரதான தொழிலாயிற்று. தோட்டத் தொழிலாளி பங்குதாரர் ஆனார். கூடவே விலை வீழ்ச்சியின் பங்குதாரரும் ஆனார். 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாகக் குறைந்தபோது, நாள் கூலி 232 ரூபாய் வாங்கிய பெண்கள் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு மூணாறு வீதியில் உட்கார்ந்தது நாடறிந்த விஷயம். ஒரு போனஸ் குறைந்தால் எத்தனை தவணை தவறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கம்பெனிக் கடனையும் குழுக் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனியில் ஒரு கிளை கடனில் மூழ்கினால் மற்றக் கிளைகளைக் காப்பாற்றச் சட்டம் வேலி போடுகிறது. குழுக் கடனில் ஒருத்தி தவறினால் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருத்தியின் கணவர் ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தால், அடுத்த லயத்துப் பெண்களின் கூலியில் துண்டு விழுகிறது. அவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். கம்பெனியின் வசூல்காரர் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலையை அக்கம்பக்கமே செய்து முடிக்கிறது. பணம் படைத்தவர்களுக்கு வரையறுத்த பொறுப்பு. பணம் இல்லாதவர்களுக்குக் கூட்டுப் பொறுப்பு. ஒரே நாட்டின் நிதி உலகத்தில் இரண்டு தர்மம் நடக்கிறது.

திவால் சட்டத்திலும் இதே வித்தியாசம். 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தின்படி, கடன் கட்ட முடியாத கம்பெனிக்கு ஒரு தீர்வு உண்டு. கடன் கொடுத்த பாங்குகள் கூடிப் பேசி, பாக்கியில் ஒரு பகுதியை, சில சமயம் பெரும்பகுதியை, விட்டுக்கொடுத்துக் கம்பெனியைப் புதிய கைக்கு மாற்றுகின்றன. அதே சட்டத்தில் ஏழைகளுக்கென்றும் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாதவர், சொந்த வீடு இல்லாதவர், 20,000 ரூபாய்க்கு மேல் சொத்து இல்லாதவர், 35,000 ரூபாய்க்கு மேற்படாத கடன்களிலிருந்து விடுபட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறது அது. கம்பெனிகளுக்கான பகுதி 2016 டிசம்பரிலேயே அமலாயிற்று. ஏழைகளுக்கான பகுதி 2025 முடியும் வரையிலும் அமலுக்குக் கொண்டுவரப்படவில்லை. இதற்காகப் பார்லிமெண்டில் உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை போலும்.

கடனைக் கொண்டு ஆளைக் கட்டிவைப்பது மலைத் தமிழர்களுக்குப் புதிதல்ல. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துத்தான் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். இலங்கையில் தொழிலாளியின் கடன் பாக்கியைத் துண்டுச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டைப் பணம் கொடுத்து மீட்கும் தோட்டத்துக்கு ஆளை மாற்றும் வழக்கம் இருந்தது. 1921-இல் அது சட்டத்தால் ஒழிந்தது. இன்று யாரும் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்று தடுப்பதில்லை. ஆனால் நான்கு குழுவில் கடன் வைத்திருக்கும் பெண் எங்கே போவாள்?

எல்லைப் பகுதியின் விசேஷத் தொல்லை ஒன்று உண்டு. கடன் கொடுப்பவர் ஒரு மாநிலத்தில், வாங்குபவர் இன்னொரு மாநிலத்தில். பொள்ளாச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கோபாலபுரம் தாண்டி வந்து வசூல் செய்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். புகார் கொடுக்கப் போனால், அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் போ என்று அலைக்கழிக்க ஏதுவாகிறது. உண்மையில் இரண்டு பக்கமும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்து அநியாய வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. கேரளத்தில் 1958-ஆம் வருஷத்து லேவாதேவிச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் செய்யக் கூடாது. வட்டியும் வர்த்தகப் பாங்குகளின் அதிகபட்ச வட்டிக்கு மேல் இரண்டு சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 2012-இல் அநியாய வட்டியைத் தடுக்கத் தனிச் சட்டமும் வந்தது. 2014-இல் திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பமே கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் கேரளப் போலீஸ் மாநிலம் முழுவதும் 'பிளேடு'க்காரர்களின் வீடுகளைச் சோதனை போட்டது. சோதனை நடந்த மாதங்களில் வட்டிக்காரர்கள் அடங்கியிருந்தார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் குழப்பம் வரக் காரணம் உண்டு. ரிசர்வ் பாங்கில் பதிவு பெற்ற நிதிக் கம்பெனிகளுக்கு மாநில லேவாதேவிச் சட்டம் பொருந்தாது என்று 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே லைசென்ஸ் இல்லாத தனி ஆள் என்றால் போலீஸ் ஸ்டேஷன். பதிவு பெற்ற கம்பெனி என்றால் முதலில் கம்பெனியிடமே எழுத்தில் புகார், முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர் அதிகாரி. 2021 நவம்பரில் ஏற்பட்ட இந்த ஏற்பாட்டில் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். கேரள சர்க்கார் அலுவலகத்துக்கும் தமிழில் எழுதத் தடை இல்லை. 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் மிகுந்த பகுதிகளில் உள்ள அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை கொடுத்திருக்கிறது. இந்த உரிமையைக் கேட்டுப் பெறுபவர்கள் மிகக் குறைவு. கேட்காமல் இருந்தால் இப்படி ஒரு சட்டம் இருப்பதே அலுவலகங்களுக்கு மறந்துபோகும்.

தண்டிப்பதால் மட்டும் கடன் தேவை தீர்ந்துவிடாது. வட்டிக்காரரை விரட்டினால், அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது பணம் எங்கே என்ற கேள்வி நிற்கும். அதற்குப் பதில் பாங்குகளிடம் இருக்கிறது. 2014-இல் தொடங்கிய ஜன்தன் கணக்குகளில், ஆறு மாதம் ஒழுங்காக வரவு செலவு செய்த குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை ஓவர்டிராப்ட் கொடுக்க வழி இருக்கிறது. 2018-இல் இந்த வரம்பு ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரமாக உயர்த்தப்பட்டது. தண்டல்காரர் கொடுக்கும் பத்து வாரக் கடனும் இதே பத்தாயிரந்தான்! கேட்டால் கொடுக்கும் கிளைகள் எத்தனை என்பது வேறு விஷயம். பிராவிடண்ட் பண்டில் தொழிலாளியின் சொந்தப் பணம் 2024-25-க்கு 8.25 சதவிகித வட்டியில் கிடக்கிறது. அவர் வெளியே நூறு சதவிகிதத்துக்குக் கடன் வாங்குகிறார். நோய்க்கும், கல்யாணத்துக்கும், பிள்ளைகளின் மேல்படிப்புக்கும் அதிலிருந்து முன்பணம் எடுக்க விதி இருக்கிறது. விண்ணப்பம் எழுதித் தர ஆள் இல்லை. பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு மூன்று லட்ச ரூபாய் வரை 7 சதவிகிதத்துக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் ரிசர்வ் பாங்கு பாங்குகளுக்கு எழுதியது. குடும்பஸ்ரீ மூலம் கேரளத்துப் பெண்கள் இப்படிப்பட்ட கடனை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஆதார் தேனியில், ரேஷன் கார்டு கம்பத்தில், வேலை வண்டன்மேட்டில் என்று இருப்பவரை எந்த ஊர்க் குழுவும் சேர்த்துக்கொள்வதில்லை. அவரை வரவேற்பவர்கள் வட்டிக்காரர்கள்தான். வட்டிக்காரர் ஆதார் கேட்பதில்லை.

நகை அடகு வைப்பவர்களுக்கும் ஒரு தகவல். 2025 ஜூனில் ரிசர்வ் பாங்கு வெளியிட்ட நகைக் கடன் விதிகளை 2026 ஏப்ரல் முதல் தேதிக்குள் எல்லாப் பாங்குகளும் கம்பெனிகளும் அமல்படுத்த வேண்டும். இரண்டரை லட்ச ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை கிடைக்கும். கடனை அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகை வராவிட்டால், நாள் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் நஷ்டஈடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, கம்பெனி ஆள் அல்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு விவரம் சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியாக ஒரு தமிழ்க் குமாஸ்தா ஞாயிறன்றோ லீவு நாளிலோ அரை மணி நேரம் போய் நின்றால், ஒரு தாலிக்கொடி ஏலத்துக்குப் போகாமல் தப்பும்.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பாங்குகளின் மாவட்ட ஆலோசனைக் கூட்டங்கள் வழக்கமாக நடக்கின்றன. கலெக்டர் தலைமை வகிக்கிறார். ரிசர்வ் பாங்கின் அதிகாரியும் வருகிறார். விவசாயக் கடன் எவ்வளவு, சிறுதொழில் கடன் எவ்வளவு என்று பட்டியல் படிக்கப்படுகிறது. எல்லை வட்டங்களில் தமிழில் எத்தனை கடன் அட்டைகள் கொடுக்கப்பட்டன, எத்தனை ஜன்தன் கணக்குகளுக்கு ஓவர்டிராப்ட் கிடைத்தது என்ற இரண்டு கேள்விகள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். சட்டசபையில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் தொகுதிகளின் உறுப்பினர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள். தமிழ் ஓட்டு இல்லாமல் அந்தத் தொகுதிகளில் யாரும் ஜெயித்ததில்லை. தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக்குப் பேசுகின்றன, பேச வேண்டியதுதான். 2015 போராட்டத்துக்குப் பின் 232 ரூபாய்க் கூலி 301 ரூபாயாயிற்று. நாளொன்றுக்கு 69 ரூபாய் கூட வந்தது. அதில் எத்தனை ரூபாய் வட்டியாகப் போயிற்று என்று சங்கங்கள் ஒரு லயத்திலாவது கணக்கெடுத்திருந்தால், அடுத்த பேச்சு வார்த்தையில் கேட்க இன்னொரு கோரிக்கை அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

வசூல் நேரத்தைப் பற்றியும் 2022 விதிகளில் சொல்லியிருக்கிறது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் கடன்காரரை அணுகக் கூடாது. இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் தவணை வாங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். நல்ல விதி. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண் ஒன்பது மணிக்கு முன்பே மலையில் இருப்பாள். நிறுவை முடிந்து அவள் லயத்துக்குத் திரும்பும்போது ஆறு மணி நெருங்கிவிடும். விதிப்படி வந்தால் அவளை வீட்டில் பார்க்க முடியாது என்பதால், விதிக்குப் புறம்பாக விளக்கு வைத்த பிறகு வருகிறார்கள், அல்லது பறிக்கும் இடத்துக்கே வந்து கூட வேலை செய்பவர்கள் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தோட்டப் பகுதிகளில் தவணைக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளும்படி கம்பெனிகளுக்கு மாவட்ட நிர்வாகம் ஒரு கடிதம் எழுதலாம். கம்பெனி ஊழியர்களுக்கு அன்று விடுமுறை. வேறு ஒரு நாளை அவர்களுக்கு விடுமுறையாகக் கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு.